உண்மை மட்டம்

ஈப்போவில் சத்தியத்தின் விலை ஐந்து காசு. ஒரு வில்லை சூடம், அவ்வளவுதான். ஏற்றி, கையால் அடித்து அணைத்துவிட்டால் ஊரே நம்பும். அதே சத்தியத்தை டாக்டர் சிவானந்தன், எண்பத்து நாலாம் வருஷம், எண்பதாயிரம் வெள்ளி ஆராய்ச்சிப் பணத்தில் கம்ப்யூட்டர் பூட்டி ஒரு பெட்டிக்குள் இறக்கியிருந்தார். விரலில் இரண்டு கம்பி, காகிதத்தின் மேல் ஒரு முள். பொய் சொன்னால் முள் துள்ளும்.

பெட்டி தயார். பொய்யன்தான் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு ஜோடிச் சப்பாத்து களவு போனது.

பழைய ரப்பர் தோட்டத்து ஆபீஸ் பங்களாதான் அந்த ஆராய்ச்சிக்கூடம். பக்கத்து அறையில் ஓர் இரும்புக்கால், புது மாதிரி ரப்பர் அடி வைத்த பந்தயச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை நின்ற இடத்திலேயே ஓடும். அடி எத்தனை மைல் தாங்குகிறது என்று கணக்கெடுக்கிறார்களாம். வாசலில் காவல் காக்கும் ஜாகா வேலை பார்த்த மாயாண்டிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டாலே வயிறு எரியும். எங்கேயும் போய்ச் சேராத காலுக்கு அலமாரி நிறையச் சப்பாத்து. பள்ளிக்கூடத்தில் யாரும் முந்த முடியாத அவன் மகள் தவமணிக்கோ கால் நிறையக் கொப்புளம்.

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, அளவு பார்த்து ஒரு ஜோடியைச் சோற்றுப் பைக்குள் தள்ளினான். நீலச் சப்பாத்துக்குப் பள்ளிக்கூட வெள்ளை இரண்டு பூச்சு. அடுத்த வாரம் சனிக்கிழமை பாரிட் புந்தார் பந்தயத்தில் தவமணி ஓட வேண்டும்.

"திங்கக்கிழம எல்லாரையும் மிஷின்ல உக்கார வைக்கிறாராம். ஆப்புட்டா போலீசுதான்லா!" என்றான் ஆராய்ச்சிக்கூடத்து வேன் ஓட்டும் ஐயாவு. திருட்டு அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மாயாண்டி சோற்றை மூடி வைத்தான். "வேலை போனா போவட்டும் மச்சான். ஸ்டேசன் படி மட்டும் மிதிக்கக் கூடாது."

"அட, மிஷினு வேர்வையத்தான் மோப்பம் பிடிக்குது. வெரல்ல துன்னூற நல்லா அப்பிக்கிட்டுப் போ. காஞ்சி கெடந்தா அது என்னா பண்ணும்?"

திங்கட்கிழமை முதலில் உட்கார்ந்தவர் சாமான் அறையில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு. பெயர் கேட்டபோது முள் தூங்கியது. சப்பாத்து என்றதும் குதித்தது. ஒழுகுகிற வீட்டுக் கூரைக்கு ஆராய்ச்சிப் பசை இரண்டு டின் கொண்டுபோனது அந்த நேரத்திலா அந்த மனிதருக்கு நினைவு வர வேண்டும்?

அடுத்து மாயாண்டி. பத்து விரலும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"கோயிலுக்கெல்லோ வந்த மாதிரி வந்திருக்கிறாய்!" என்ற சிவானந்தன், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் திருநீற்றைச் சுத்தமாகத் துடைத்துப்போட்டார். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஐயாவு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"முதல் கேள்வி சும்மா. ஆளாளுக்கு உடம்பு வேற. உண்மை சொல்லேக்க உன்ர முள் எதுவரைக்கும் போகுதெண்டு பாக்க வேணும். அதுதான் உன்ர மட்டம். அதுக்கு மேல போனால்தான் பொய். விளங்குதோ?"

மாயாண்டி தலையாட்டினான். கழுத்திலிருந்து வேர்வை முதுகுக்கு வழிந்தது.

"உன்ர பேர் மாயாண்டிதானே?"

"ஆமாங்கய்யா."

முள் விருட்டென்று எழும்பிக் காகிதத்தின் ஓரத்தைப் போய் இடித்தது.

சிவானந்தன் சிரித்துவிட்டார். "பேர் சொல்லவே இவ்வளவு நடுக்கமோ! பாவம், பயந்த சுபாவம்." பெரிய மனசோடு அந்த உயரத்தையே கம்ப்யூட்டரில் மாயாண்டியின் உண்மை மட்டமாகப் பதிந்தார்.

"சப்பாத்தை எடுத்தது நீயோ?"

"இல்லீங்கய்யா."

முள் மறுபடியும் எழும்பியது. ஏறியது. மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றுகொண்டது.

"பார்த்தியளோ!" சிவானந்தன் மேசையைத் தட்டினார். "கண்ணால பார்த்தால் கள்ளன். முள்ளால பார்த்தால் உத்தமன். இதுதான் விஞ்ஞானம்!" கார்த்திகேசுவின் இடுப்பிலிருந்த சாமான் அறைச் சாவி அங்கேயே மாயாண்டியின் கைக்கு மாறியது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தவமணி ஜெயித்த கோப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாயாண்டியும் ஐயாவுவும் தேநீர் குடிக்க ஒட்டுக்கடையில் உட்கார்ந்தார்கள்.

"சாவியே ஒன் கையில. இனிமே நீ எடுத்தா அது திருட்டு இல்ல, ஆராய்ச்சி" என்று சிரித்த ஐயாவு, குரலைத் தாழ்த்தினான். "அது சரி மச்சான், துன்னூறத்தான் தொடச்சிட்டாரே. அப்புறம் எப்படிலா தப்பிச்ச?"

"ரெண்டு கேள்விக்கும் ஒரே மாதிரி பதறுச்சு. அவ்வளவுதான்" என்று மாயாண்டி தேநீரை உறிஞ்சினான். அதற்கு மேல் ஐயாவுவிடம்கூட வாய் திறக்கவில்லை.

எழுபதில், குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை இல்லை என்று தோட்டத்தில் நிறுத்தியபோது, அந்த மாதம்தான் சிலிம் ரிவரில் செத்துப்போயிருந்த அண்ணன் மாயாண்டியின் நீலக் குடியுரிமை அட்டையை, அதே முகச்சாயல் கொண்ட தம்பி உடையப்பன் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன்தான் மாயாண்டி. ஆக, திங்கட்கிழமைக் கணக்குப்படி சொன்ன பொய் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர். அண்ணனுக்குத் திருப்ப வேண்டிய பெயர் ஒன்று, பாக்கி.