வலை மிதவையில் வெட்டிய மூக்கு

ஆரையம்பதி வாவிக்கரையில் மீன்பிடிக்கும் தனோஜனுக்கு, போன வருசக் காய்ச்சலுக்குப் பிறகு மணம் தெரிவதில்லை. கருவாடு பழுதா என்று பெண்சாதி வதனிதான் முகர்ந்து சொல்வாள். பாலர் பாடசாலை விழாவில் கோமாளியாக ஆட, பழைய வலை மிதவைகளில் சிவப்பு மூக்குகள் வெட்டினான்.

பெரியதைப் போட்டான்.

“பன்றி மாதிரி இரிக்கி” என்றாள் வதனி.

சின்னதைப் போட்டதும் துள்ளினான். “மணம் வந்திட்டுகா! மீன் கருகுது!”

“நான் இன்னும் அடுப்பே மூட்டல்ல.”

மத்தியானம் அவள் பொரித்த மீன் கருகியது. வதனி சிரிக்கவில்லை.

“இன்னொருக்காப் போடுங்க, பார்ப்பம்.”

போட்டான். வெளியே நல்ல வெயில். வீட்டுக்குள் வெள்ளம் ஏறினது மாதிரி வாவிச் சேறு மணத்தது. கட்டிலில் ஏறி நின்றான். அங்கும் மணத்தது. கதிரையைக் கட்டிலில் வைத்து ஏறினான். மூக்கு கூரைக்கு ஒரு முழம் கீழே வந்த பிறகுதான் மணம் நின்றது.