கிராக்னல் வீட்டுப் பொம்மை

"கயிற்றைத் தாண்டாதீங்க மேடம், இங்கேருந்தே பாருங்க" என்றார் விழாத் தலைவர் ஹாஸ்லம்.

நடுவர் ஹெஸ்டர் லவெல் நின்றுவிட்டார். ஒருநாள் பொழுதைக் கழிக்க மாவட்டத்திலேயே சிறந்த ஊர் எது என்று முடிவு செய்ய வந்திருப்பவர் அவர். இந்தத் தார்ன்வெல் ஊருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஜூன் மாதத்துச் சோளக்கொல்லைப் பொம்மைத் திருவிழா. வீட்டுக்கு வீடு பழைய துணிக்குள் வைக்கோலைத் திணித்து ஓர் ஆளைச் செய்து வாசலில் நிறுத்துவார்கள். வெளியூர்க்காரர்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்து, சர்ச் பந்தலில் கேக்கும் டீயும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

போன இரண்டு வருடமும் மழை கொட்டித் தீர்த்தது. இந்தத் தடவையும் பரிசு வராவிட்டால் விழாவையே நிறுத்திவிடுவோம் என்று நகர மன்றம் சொல்லிவிட்டது. விழா நின்றுபோனால் விழாத் தலைவருக்கு என்ன வேலை? ஹாஸ்லமின் கழுத்தில் மேயருக்குத் தொங்குவதுபோல் ஒரு பித்தளைச் சங்கிலி தொங்கியது. யாரும் போட்டுவிட்டதல்ல. அவரே செய்து போட்டுக்கொண்டது.

இதுவரை பார்த்த எதுவும் நடுவருக்குப் பிடித்ததாகத் தெரியவில்லை. சர்ச் வாசலில் பிஷப் பொம்மைக்குத் தலை தொங்கிவிட்டிருந்தது. கசாப்புக் கடை ராஜாவுக்கு வயிறு பிளந்து வைக்கோல் கொட்டிக்கொண்டிருந்தது. ஹாஸ்லம் தன் வீட்டு வாசலில் தன்னையே சங்கிலியும் கழுத்துமாகச் செய்து நிறுத்தியிருந்தார். அது எந்தக் காலத்துக் கொள்ளைக்காரன் என்று நடுவர் கேட்டிருந்தார்.

ஆனால் கயிறு கட்டிய இந்த வாசலில் அவருடைய கண்கள் விரிந்தன. ரோஜாச் செடிகளுக்கு நடுவே ஒரு மரநாற்காலி. அதில் முழங்காலில் கம்பளியும் மடியில் கைத்தடியுமாக ஒரு கிழவர். முகத்தை மறைத்துக் கவிழ்ந்த தொப்பி. கைகளில் உறை. கயிற்றின் மறுமுனையில் விழாச் செயலாளர் டாப்னி, புல்லைப் பார்த்தபடி நின்றாள்.

வீட்டுக்காரர் யாரென்று நடுவர் விசாரித்தார். எட்வின் கிராக்னல், தனிக்கட்டை, இந்த விழாவின் ஒரே எதிரி என்றார் ஹாஸ்லம். வருடா வருடம் விழா நாளில் விடிந்ததும் இதே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். தன் வாசல் புல்லில் யாராவது காரை நிறுத்தினால் கைத்தடியால் அதன் கூரையில் ஒரு போடு போடுவாராம்.

"இந்த வருஷம் மனசு மாறிட்டார் மேடம். தன்னையே செஞ்சு உட்கார வெச்சிருக்கார். கிழவருக்குக் குசும்பு ஜாஸ்தி."

"அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். ஒரு வார்த்தை பாராட்டணும்."

தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்று ஹாஸ்லம் அவசரமாகச் சொன்னார். நடுவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"மிஸ்டர் ஹாஸ்லம், போன வருஷம் பக்கத்து ஊர்ல ஒரு பேக்கரிக்காரர் பொம்மை மாதிரி உட்கார்ந்து என்னை ஏமாத்தினார். நான் பரிசு கொடுத்ததும் எழுந்து கை கொடுத்தார். பேப்பர்ல எல்லாம் என் மானம் போச்சு. இது பொம்மை இல்ல. கிராக்னலேதான் உட்கார்ந்திருக்கார்."

உயிருள்ள ஆளை உட்கார வைத்தால் அந்த ஊருக்கே தகுதி கிடையாது என்பது விதி. ஹாஸ்லமுக்கு வியர்த்து ஊற்றியது. அதிசயமாக இப்படி ஒரு வெயில் கிடைத்ததே என்று ஊரே சட்டையைக் கழற்றிவிட்டு அலைந்துகொண்டிருந்தது. அவர் ஒருவர்தான் காலையிலிருந்து அந்த வெயிலைச் சபித்துக்கொண்டிருந்தார்.

"சத்தியமா சொல்றேன் மேடம்..."

"சத்தியமெல்லாம் எதுக்கு? எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருப்பார், பார்த்துடலாம்."

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண் கிழவரின் நெஞ்சைவிட்டு நகரவில்லை. கூட்டம் சேர்ந்தது. கிராக்னலை அசைத்துக் காட்டுவதாக இளவட்டங்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள்.

"யோவ் பெருசு, உன் புல்லு மேல ஒருத்தன் வேனை ஏத்திட்டான், பாரு."

"வேன் கிடக்கட்டும். கோச் பஸ்ஸே வருது. இனிமே உன் வாசல்தான் ஸ்டாண்டு."

கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு ரோஜாவை ஒருத்தி பறித்தாள். கிழவருக்கு முன்னால் ஒருவன் நாக்கை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டான். ஓர் ஈ கையுறைக்கு மேலே, மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. கொஞ்சம் நடந்து, சட்டைக் கைக்குள் புகுந்துகொண்டது. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டாப்னி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நடுவர் நினைத்தார்.

கடைசியில் அவர் எழுந்து, ஹாஸ்லமின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னை மன்னிச்சிடுங்க. வீணா சந்தேகப்பட்டுட்டேன். உயிரோட இருக்கிற மனுஷனால இப்படி உட்கார முடியாது."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாவட்டத்தின் சிறந்த ஊர், தார்ன்வெல். பேண்டு வாத்தியம் முழங்கியது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று ஹாஸ்லம் கேடயத்தை வாங்கினார். மக்களின் உழைப்பு, மரபு, ஒற்றுமை என்று மூன்றையும் கலந்து சின்னதாக ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பந்தலில் கேக் தீரப்போகிறது என்று யாரோ சொன்னதும் கூட்டம் கலைந்தது. நடுவரின் கார் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மறைந்தது.

டாப்னி பக்கத்தில் வந்து நின்றாள். "இப்பவாவது டாக்டரைக் கூப்பிடட்டுமா மிஸ்டர் ஹாஸ்லம்?"

"கூப்பிடு" என்றார் ஹாஸ்லம், கேடயத்தைச் சட்டைக் கையால் துடைத்தபடி. "காலையில நாம கயிறு கட்ட வந்தப்பவே கிழவர் செத்துக் கிடந்தார்னு மட்டும் வாய் தவறி உளறிடாத. பொம்மையை எடுத்துட்டு இப்பத்தான் வந்து உட்கார்ந்தார், அப்படியே போயிட்டார்னு சொல்லு."