எலுமிச்சையின் காவல்

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வீரபாகுவின் கடையில், கம்ப்யூட்டருக்கு மேலே சிவப்பு நூலில் ஓர் எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜையன்று குங்குமம் வைத்துக் கட்டியது. காய்ந்து சுருங்கிப் போயிருந்தாலும், அந்தக் கம்ப்யூட்டரைக் காப்பதே தான்தான் என்று அதற்கு அப்படியொரு பெருமை.

தினமும் காலையில் திரை ஓரத்தில் ஓர் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். "ஐயா, இந்தக் கம்ப்யூட்டரில் ஓர் ஓட்டை இருக்கிறது. அப்டேட் போட்டால் பத்து நிமிஷத்தில் அடைத்துவிடுகிறேன்" என்று கெஞ்சும். வீரபாகு படிக்காமலே 'அப்புறம்' என்பதை அழுத்திவிடுவார்.

"நான் இருக்கிற இடத்துல உனக்கு என்னப்பா வேலை?" என்று எலுமிச்சை கேட்கும். "ஏழு மாசமா ஒரு கெட்டது அண்டியிருக்கா, சொல்லு."

ஒருநாள் மாப்பிள்ளை படத்தோடு வந்த பென் டிரைவை வீரபாகு யோசிக்காமல் செருகினார். அதில் ஒளிந்திருந்த வைரஸ் அந்த ஓட்டை வழியாகவே நுழைந்து, மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய பத்திரிகைகள் அத்தனையையும் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டது.

வீரபாகு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "எவன் கண்ணோ பட்டுடுச்சு" என்றார். எலுமிச்சையை அறுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அதே இடத்தில் மீசை வரைந்த ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டினார்.

திரையில் அறிவிப்பு மறுபடி எட்டிப் பார்த்தது. வீரபாகு 'அப்புறம்' என்பதை அழுத்தினார்.

கூடைக்குள் கிடந்த எலுமிச்சை அறிவிப்பைக் கூப்பிட்டுச் சொன்னது: "பார்த்தியாப்பா, என் இடத்தை நிரப்ப ஒரு பூசணிக்காயே வர வேண்டியிருக்கு."