கஸானாவுக்கு வந்த விலை

“நீங்க கேக்குற விலையில ஒரு தினார்கூடக் குறைக்க மாட்டேன்” என்றார் அபூ லைத், மெஷின் அறையின் நடுவில் நின்றுகொண்டு.

மாஹிருக்குக் கண் கலங்கிவிட்டது. பேரம் பேசாத ஒரு மனிதரை அம்மான் நகரத்தில் அவன் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வங்கி வேலையை உதறிவிட்டு அவன் தொடங்கிய இணையதளம் ‘கஸானா’. யார் வேண்டுமானாலும் படம், வீடியோ எதையும் அதில் இலவசமாக ஏற்றி வைக்கலாம். ஜனங்களும் வஞ்சனையில்லாமல் ஏற்றினார்கள். கல்யாண ஊர்வலம், பரீட்சை பாஸான பையனுக்குப் போட்ட வெடி, பூனை விட்ட கொட்டாவி. இர்பிதில் ஒருவர், தன் மாமனாரின் குறட்டையை ராத்திரி முழுக்கப் பதிவு செய்து ஏற்றியிருந்தார்.

அப்பா விட்டுப்போன நிலவறையில், இதையெல்லாம் சேமித்து வைக்கும் கம்ப்யூட்டர் மெஷின்கள் கூடிக்கொண்டே போயின. மின்கட்டணமும் கூடியது. வருமானம்தான் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. விளம்பரம் போட்டுப் பார்த்தான். விளம்பரத்தை மறைப்பது எப்படி என்று ஒருவர் வீடியோ எடுத்து, அதையும் கஸானாவிலேயே ஏற்றினார். மாதச் சந்தா வைத்தான். ஒரே ஒரு ஆள் சேர்ந்தார். பணம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று சோதித்துப் பார்த்த மாஹிர்தான் அந்த ஆள்.

அவன் மனைவி லுப்னா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்.

“ஒவ்வொரு ஆளுக்கும் நஷ்டம், ஆனா கூட்டம் சேர்ந்தா லாபம்னு எந்தக் கணக்குப் புஸ்தகத்துல இருக்கு? சொன்னீங்கன்னா பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுப்பேன்” என்பாள்.

நோன்பு ஆரம்பிப்பதற்குள் இதை மூடிவிட்டு, வங்கியில் பழைய நாற்காலி காலியாக இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும் என்று கெடு வைத்துவிட்டாள். அதனால்தான், நிலவறை முதல் இணையதளம் வரை எல்லாவற்றையும் மொத்தமாக விற்றுத் தரும்படி தரகரிடம் சொல்லியிருந்தான் மாஹிர். தரகர் அனுப்பிய ஆள்தான் பக்கத்து ஊரான ஸர்காவின் பெரிய வியாபாரி அபூ லைத்.

வந்தவர், லுப்னா கொடுத்த ஏலக்காய்க் காப்பியைக்கூடத் தொடவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். குளிரூட்டிக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

“கரன்ட் போச்சுன்னா?”

“ஜெனரேட்டர் இருக்கு. ஒரு நொடிகூட நிக்காது.”

“இன்னும் குளுராக்க முடியுமா?”

“ஐஸ் கட்டுற அளவுக்கு வேணும்னாலும் ஆக்கலாம். சூடுதானே நம்ம தொழிலுக்கு எமன்!”

“சரியாச் சொன்னீங்க!” என்று அபூ லைத் பலமாகத் தலையாட்டினார்.

மாஹிர் மனைவியின் காதில் கிசுகிசுத்தான். “பாத்தியா? விஷயம் தெரிஞ்ச மனுஷன்.”

“எத்தனை பேர் உபயோகிக்கிறாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே!”

“அது ஊருக்கே தெரியும். பெரிய ஆளுங்க தெரிஞ்சதைக் கேக்க மாட்டாங்க.”

பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “ஒரே ஒரு நிபந்தனை, அபூ லைத். எத்தனையோ பேருக்கு அவங்க வீட்டுப் படம் இங்க மட்டும்தான் இருக்கு. செத்துப்போனவங்க குரல்கூட இருக்கு. அதை எல்லாம் நீங்க அழிச்சிடக் கூடாது.”

அபூ லைத் நெஞ்சில் கை வைத்தார். “அல்லா மேல ஆணை. உங்க படம் ஒண்ணைக்கூட நான் தொட மாட்டேன்.”

மாஹிர் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். அபூ லைத் கோட்டுப் பையிலிருந்து முன்பணத்தை எடுத்து அவன் கையில் திணித்தார்.

“இதே மாதிரி நான் புதுசா ஆரம்பிச்சேன்னா ரெண்டு மடங்கு செலவாகும் தம்பி. நல்லா உழைச்சிருக்கீங்க” என்று முதுகில் தட்டிவிட்டுப் படியேறினார்.

லுப்னா சுவரில் சாய்ந்து நின்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “நான்தான் கணக்குல தப்புப் பண்ணிட்டேன். எவ்வளவு குத்திப் பேசியிருக்கேன் உங்களை!”

இத்தனை வருஷம் வாங்கிய குத்தல்களுக்கெல்லாம் சேர்த்து மாஹிர் நிமிர்ந்து நின்றான்.

“இலவசம்னா நஷ்டம்னு அர்த்தமில்ல, லுப்னா. அது ஒரு விதை. அதோட மதிப்பு சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. தெரியிற ஒருத்தர் என்னைக்காவது வருவார்னு நான் சொல்லலை?”

“சொன்னீங்க.”

“அந்த வங்கிக்காரங்களைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுக்கலாம்னு இருக்கேன். இலவசத்துல லாபம் பாக்குறது எப்படின்னு.”

“எடுங்க. நான் முதல் பெஞ்சுல உக்காருறேன்.”

அப்போது படியின் மேலிருந்து அபூ லைத் மறுபடியும் குனிந்து எட்டிப் பார்த்தார்.

“சொல்ல மறந்துட்டேன் தம்பி, அந்தப் பெட்டிங்களை எல்லாம் சனிக்கிழமைக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க, ஞாயித்துக்கிழமை எனக்குக் கோழிக்கறி வந்து இறங்குது!”