பின்வளவுக் குழாயடி

தியாகலிங்கம் இன்றைக்கும் வேலையால் வந்து நேரே வீட்டுக்குள் வரவில்லை. பின்வளவுக் குழாயடியில், தொண்ணூற்றேழாம் ஆண்டு நியூசிலாந்தின் யூலைக் குளிரில், உடுத்த உடுப்போடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி சுகந்தினி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். எவளுடைய வாசத்தைக் கழுவுகிறான்?

துவாயோடு பின்கதவைத் திறந்தாள். "ஏனப்பா, உள்ளுக்குச் சுடுதண்ணி இருக்கெல்லோ?"

"விரிக் கிடங்கில ஒரே தூசி." அவனுக்குப் பல் கிடுகிடுத்தது. அவள் துவாயை நீட்ட, பின்னால் விலகினான். "என்னைத் தொடாதையும். கொடியில போட்டுவிடும்."

போன மாதம்வரை, விரி என்ற பக்கத்து ஊர்ச் சாமான் கிடங்கிலிருந்து அதே தூசியோடு வந்து கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி கேட்டவன்தான். பிள்ளைத்தாய்ச்சிக்கு இப்படி வீண் சந்தேகம் வருமோ என்று ஏழு மாத வயிற்றைத் தடவியபடி தன்னையே ஏசிக்கொண்டாள். இந்த மனுரேவா ஊரில் அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான்.

அடுத்த நாள் காலை, பக்கத்து வீட்டுக் குணவதி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"உம்மட மனிசனுக்கு இப்பவும் விரியிலயோ வேலை? நேற்று டவுன் மியூசியத்தில கண்டனான். ஒரு வெள்ளைக்காரப் பெட்டையோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவர். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால ஒளிச்சிட்டார். பாவம், அவற்றை வண்டி வயித்துக்குத் தூண்ட அகலம் காணேல்லை!"

சுகந்தினி சிரிக்கவில்லை. கோட்டைப் போட்டாள், வயிற்றுக்கு மேல் பொத்தான் பூட்ட முடியவில்லை. அப்படியே ரயிலேறினாள்.

டைனோசர் முட்டைகளும் குஞ்சுகளும் ஊர் ஊராகச் சுற்றி ஓக்லாந்துக்கு வந்திருப்பதாக மியூசிய வாசலில் பெரிய பதாகை தொங்கியது. கண்காட்சி மண்டபத்தின் வாசலுக்கு வந்தபோதே அவன் கண்ணில் பட்டான். நீல மேலங்கியோடு ஒரு கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அதே நிற மேலங்கியோடு அந்தப் பெட்டை.

சுகந்தினியைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தான்.

"நில்லும்! உள்ளுக்கு வராதையும்!"

"ஏன், அவ ஆரெண்டு நான் பாக்கக்கூடாதோ?"

"எவ? ஐயோ, அவ என்னோட துடைக்கிற பிள்ளை. கிடங்கில ஆக்களை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள். இந்த வேலைதான் கிடைச்சது."

"வேலையை ஏன் ஒளிச்சனீங்கள்? என்னை ஏன் தொடுறேல்லை? நாள் தவறாமல் ஏன் முழுகிறீங்கள்? அப்பிடி என்னதான் உள்ளுக்கு இருக்கு?"

அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த முட்டையொன்று. அதற்குள் முழங்காலில் தலையை வைத்துச் சுருண்டபடி, பிறக்காமலே கல்லாகிப்போன ஒரு சின்ன எலும்புக்கூடு.

அவன் அவசரமாக நகர்ந்து அவள் பார்வையை மறைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"வயித்துப் பிள்ளையோட செத்தவீட்டுக்குள்ள வரக்கூடாதப்பா."