நன்னடத்தைச் சான்று

"எங்க வேலை பாக்குறீங்க?" என்றார் ஏட்டு.

சந்தனமாரி வாசலில் நின்றபடியே பதில் சொன்னாள். படுக்கையில் கிடக்கிறவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது. சொந்தமாகத்தான் செய்கிறாள்.

"கம்பெனி, ஏஜென்சி ஏதும்?"

"இல்ல சார். தெரிஞ்சவங்க சொல்லிக் கூப்புடுவாங்க."

"அப்ப ஒங்களப் பத்தி நான் யாருகிட்ட கேக்குறது?"



பெங்களூரில் இருக்கும் ஒருவர், இந்த ஊரில் தனியாகக் கிடக்கும் தன் தாயைப் பார்த்துக்கொள்ள அவளைக் கேட்டிருந்தார். வீட்டுச் சாவியையே ஒப்படைக்க வேண்டும், போலீஸ் சான்று வாங்கிவிடுங்கள் என்றார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வெகுநாள் கழித்து வந்த வேலை. அந்தச் சான்றுக்காகத்தான் ஏட்டு விசாரிக்க வந்திருக்கிறார்.

ஏட்டு தெருவைப் பார்த்தார். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. வீடெல்லாம் பூட்டு.

ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது.

"அங்க கேட்டுக்கிடுறேன்."

அது தவமணியின் வீடு. சந்தனமாரியின் ஓரகத்தி, அவள் புருஷனின் அண்ணன் மனைவி. தன் புருஷன் இறந்த பிறகு, வீட்டில் அவன் பங்கைக் கேட்டுச் சந்தனமாரி கோர்ட்டுக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால், ஏன் என்று கேட்பார். பின்னாலேயே போனாள்.

தவமணி வெளியே வந்தாள். ஏட்டைப் பார்த்தாள். பிறகு அவளை.

"இந்த சந்தனமாரி மேல கேஸு கீஸு ஏதும் இருக்காம்மா?"

"இருக்கு. எங்களோடதான். வீட்டுப் பங்கு."

ஏட்டின் பேனா நின்றது.

 வேலை போயிற்று என்று நினைத்தாள் சந்தனமாரி.

"அது சிவில். அத விடுங்க. ஆளு எப்படி?"

தவமணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"எங்க மாமனாரு வாதத்துல விழுந்து வருசக்கணக்காக் கெடந்தாரு சார். நான் அந்த ரூமுக்குள்ள போகமாட்டேன். நாத்தம் தாங்காது. பீ மூத்திரம் எல்லாம் இவதான் அள்ளுனா. செத்தன்னைக்குக் குளிப்பாட்டயில திருப்பிப் பாத்தோம். முதுகுல ஒரு புண்ணு கெடையாது."

சேலை முந்தியை இழுத்துச் செருகினாள்.

"எங்காத்தாளுக்கு முடியாமப் போனா இவளத்தான் கூப்புடுவேன். வருவாளோ என்னமோ."

ஏட்டு எழுதினார். தவமணி கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அக்கா என்று கூப்பிடச் சந்தனமாரி ஓரடி முன்னால் வைத்தாள். அதற்குள் எதிரே யாரும் இல்லை.

சான்று வந்தது. வேலையும் கிடைத்தது.

முதல் நாள், அந்த அம்மாளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வெந்நீர்த் துணியால் முதுகைத் துடைத்தாள். கண் நிறைந்து நிறைந்து வந்தது. அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது நல்லதாயிற்று.

வாய்தா நாள். கோர்ட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஏறியபோது நல்ல கூட்டம்.

ஜன்னலோரம் தவமணி. பக்கத்து இடத்தில் ஒரு பை. உட்கார வந்த பெண்ணிடம், "ஆளு வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேறு யாருக்கோ என்று நினைத்து, சந்தனமாரி அந்த சீட்டுப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பஸ் கிளம்பியது. யாரும் வரவில்லை.

தவமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.