மூணுமூலை வளையல்

“இது என்ன தாயி?” முத்துப்பேச்சி கண்ணாடி வளையலைக் கழற்றி மகளிடம் நீட்டினாள்.

“மூணுமூலை!” என்றாள் ஐந்து வயதுப் பஞ்சம்மாள்.

“அப்பிடிப் போடு!” முத்துப்பேச்சி ஒரு துண்டு கருப்பட்டியை மகள் வாயில் வைத்தாள்.

பருத்திக்காட்டிலிருந்து வந்த அவள் புருஷன் பெத்தணனுக்குப் பகீரென்றது. பத்து நாளாக இதே விளையாட்டுத்தான். இன்னும் வட்டம்கூடப் பிடிபடவில்லை. இவளோ கருப்பட்டி கொடுத்துக் கொஞ்சுகிறாள்.

தீப்பெட்டிக் கம்பெனி ஏஜெண்டு வெள்ளைத்துரை அன்றைக்கு வருவதாக இருந்தது. “லேபிள் ஒட்ட ஆள் எடுக்கோம். வட்டம், நாலுமூலை, மூணுமூலை அடையாளம் தெரியணும். வீட்டுலயே விளையாட்டாச் சொல்லிக் குடுத்து வைங்க” என்று போன தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டு வருஷமாக மழை பொய்த்து, கரிசலில் பருத்தி கருகிக் கிடந்தது. மூத்தவள் ராக்காயி ஒன்பது வயதிலேயே கம்பெனி வண்டியில் சிவகாசிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வீடு திரும்பினால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுவாள்.

சின்னவளையாவது பள்ளிக்கூடத்தில் விடலாம் என்று முத்துப்பேச்சி மன்றாடிப் பார்த்தாள். பெத்தணன் ஒரே பிடியாக மறுத்துவிட்டான். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த விளையாட்டைத்தான் எடுத்தாள்.

வெள்ளைத்துரை வந்ததும் பையிலிருந்த லேபிள்களைத் தரையில் பரப்பினார்.

“வட்டம் போட்டதை எடு பாப்போம்.”

பஞ்சம்மாள் அம்மாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நாலுமூலையை எடுத்தாள்.

“சரி, நாலுமூலை எது?”

மூணுமூலையை நீட்டினாள். மூணுமூலை கேட்டதற்கு வட்டம் வந்தது.

வெள்ளைத்துரை உதட்டைப் பிதுக்கினார். “லேபிளை மாத்தி ஒட்டினா ஆர்டரே திரும்பி வந்துரும். இது தோதுப்படாதுங்க.”

“இன்னும் பத்து நாள் பொறுங்கய்யா, படிச்சிக்கிடுவா.”

“இம்புட்டு மந்தமான பிள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? பேசாமப் பள்ளிக்கூடத்துல விடுங்க. மத்தியானச் சோறாவது கிடைக்கும்.”

பெத்தணன் பாதைவரை கூடவே போய்க் கெஞ்சினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரெல்லாம் இனி தன் பிள்ளையை மந்தம் என்று சொல்லும். அந்த அவமானம் வீடு வருவதற்குள் ஆத்திரமாகிவிட்டது.

‘பத்து நாளா என்னத்தடி சொல்லிக் குடுத்தே?’ என்று கத்த வாயெடுத்தவன், கதவருகே அப்படியே நின்றுவிட்டான். உள்ளே முத்துப்பேச்சி மகளை மடியில் இறுக்கிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

பஞ்சம்மாள் ஒன்றும் புரியாமல் அம்மாவின் கண்ணைத் துடைத்தாள்.

“ஏம்மா அழுகுறே? நீ சொன்ன மாதிரி எல்லாத்தையும் தப்பாத்தான எடுத்துக் குடுத்தேன்!”